அளவு வரம்புக்குள்தான் இருக்கு... அப்புறம் ஏன் மூச்சு வாங்குது?

ஒரே பெயின்ட் பூத், ஒரே ஷிஃப்ட், ஒரே மாஸ்க். இருபது பேர் வேலை பார்க்கிறார்கள். பத்தொன்பது பேருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒருவருக்கு மட்டும் ராத்திரியானால் நெஞ்சை அடைக்கிறது, இழுப்பு வருகிறது. காற்றை அளந்து பார்த்தால் ரசாயனம் சட்டம் சொன்ன அளவுக்குள்தான் இருக்கிறது. ‘மத்தவங்களுக்கு வரல, உனக்கு மட்டும் வருதுன்னா அது உன் உடம்பு வாகு’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். சூப்பர்வைசர் மட்டுமல்ல, சில நேரம் டாக்டரும் அதையேதான் சொல்வார்.

அதில் பாதிதான் உண்மை. எதிர்வினை காட்டுவது அந்த உடம்புதான். ஆனால், அந்த எதிர்வினையை உடம்புக்குக் கற்றுக்கொடுத்தது வேலை. இந்த மீதிப் பாதி விட்டுப்போவதால்தான் பல தொழிலாளர்களுக்கு சரியான சிகிச்சையும் கிடைப்பதில்லை, சட்டப்படி வர வேண்டிய இழப்பீடும் கிடைப்பதில்லை.

சென்னைக்கு வடக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது கும்மிடிப்பூண்டி சிப்காட். இரும்பு உருக்கும் இண்டக்‌ஷன் ஃபர்னஸ்கள், ரோலிங் மில்கள், உலோக, ரசாயனத் தொழிற்சாலைகள் என நெருக்கமான தொழில் வளாகம் அது. உள்ளூர் இளைஞர்களோடு பிஹார், ஒடிசா போன்ற மாநிலங்களில் இருந்து வந்தவர்களும் ஒப்பந்த அடிப்படையில் இங்கே வேலை பார்க்கிறார்கள். இந்தப் பகுதியில் காற்று மாசு என்றாலே பேச்சு சிம்னிக்குப் போய்விடும். ஊருக்குள் வரும் புகை கண்ணுக்குத் தெரிகிறது. ஷெட்டுக்குள் எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் சுவாசிக்கும் காற்றைப் பற்றிய பேச்சு குறைவு.

அந்தக் காற்று எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவ அமைப்புகள் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் ஓர் அறிக்கை வெளியிட்டன. பெரியவர்களுக்கு வரும் ஆஸ்துமாவில் ஏறத்தாழ 16 சதவீதத்துக்குப் பணியிடமே காரணம் என்றது அந்த அறிக்கை. அதாவது, ஆறில் ஒருவர்.

ரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும் வழி ஒன்று மட்டுமல்ல. நோய் எதிர்ப்பு மண்டலம் ஒவ்வொரு வகையிலும் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. எந்த வழி என்று தெரிந்தால்தான் எந்தப் பாதுகாப்பு வேலை செய்யும் என்பதும் தெரியும்.

முதல் வழி: நேரடி எரிச்சல்

2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. தூக்கத்தில் இருந்த மக்கள் கண் எரிச்சல், மூச்சுத் திணறலோடு தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாயில் அருகே ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 400.

அமோனியா, குளோரின், அமிலப் புகை போன்றவை செய்வது இதைத்தான். காற்றுக்குழாயின் உள் தோலை நேரடியாகச் சுட்டுவிடும். இதற்கு ஒவ்வாமை தேவையில்லை, முன்பழக்கம் தேவையில்லை. அளவு அதிகமாக இருந்தால் யாருக்கும் பாதிப்புதான். பெரும்பாலானோர் தேறிவிடுவார்கள். சிலருக்கு மட்டும், ஒரே நாள் சுவாசித்த வாயுவுக்குப் பிறகு மாதக்கணக்கில் ஆஸ்துமா போலவே இழுப்பு தொடரும். 24 மணி நேரத்துக்குள் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், அதைத் தனி நோயாகவே மருத்துவம் வகைப்படுத்துகிறது.

இந்த வகையில் கணக்கு நேரானது. அளவு குறைந்தால் ஆபத்தும் குறையும். சட்ட வரம்பு, அலாரம், மாஸ்க் எல்லாமே இந்தக் கணக்கை நம்பித்தான் இருக்கின்றன. சிக்கல் இரண்டாவது வழியில் தொடங்குகிறது.

இரண்டாவது வழி: நுரையீரலின் நினைவு

பெயின்டர்கள் ‘டூ-பேக்’ என்று சொல்லும் பாலியூரித்தேன் பெயின்டில் இரண்டு டப்பா இருக்கும். ஒன்று பெயின்ட், இன்னொன்று ஹார்டனர். அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட் என்ற ரசாயனக் குடும்பம். மெத்தை, வாகன சீட் ஃபோம், ஃப்ரிட்ஜுக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் போடும் இன்சுலேஷன், சில வகைப் பசைகள், வார்ப்பட ஆலைகளில் மணல் அச்சை இறுக்கும் பிசின் எனப் பல இடங்களில் இதே குடும்பம்தான். டிடிஐ, எம்டிஐ, எச்டிஐ என்பவை இதில் அதிகம் புழங்கும் பெயர்கள். டிடிஐயால் ஆஸ்துமா வரும் என்று பிரான்சில் மருத்துவர்கள் எழுதியது 1951-லேயே. இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல.

ஐசோசயனேட் மிகச் சிறிய மூலக்கூறு. தனியாக வந்தால் நோய் எதிர்ப்பு மண்டலம் அதைக் கவனிக்கவே கவனிக்காது. ஆனால், அது சும்மா இருக்காது. காற்றுக்குழாயின் ஈரத்தில் இருக்கும் ஆல்புமின் போன்ற நம் சொந்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அந்தப் புரதத்தின் உருவம் மாறிவிடும். வீட்டு ஆளே அடையாளம் தெரியாத வேஷத்தில் வந்து நிற்கிற மாதிரி. காவலுக்கு நிற்கும் செல்கள் அதை அந்நியன் என்று எடுத்துக்கொண்டு, டி செல்களிடம் கொண்டுபோய்க் காட்டும். அங்கே ஒரு நினைவு பதிவாகிறது.

இந்தப் பதிவு நடக்கும் காலத்தில் தொழிலாளிக்கு எதுவும் தெரியாது. சில மாதம் ஆகலாம், சில வருடமும் ஆகலாம். ‘ரெண்டு வருஷமா இதே வேலைதான் செய்யறேன், இவ்ளோ நாள் ஒண்ணும் ஆகலையே’ என்று அவர் சொல்வது இதனால்தான். அந்த ‘இவ்ளோ நாள்’தான் உடம்பு பாடம் படித்த காலம். மூச்சு வழியாக மட்டுமல்ல, கையுறை இல்லாமல் ஹார்டனரைத் தொடும்போது தோல் வழியாகவும் இந்தப் பாடம் நடக்கலாம்.

நினைவு பதிவான பிறகு கணக்கே மாறிவிடுகிறது. முன்பு ஒன்றும் செய்யாத மிகச் சிறிய அளவே போதும், உடம்பு முழு வேகத்தில் எதிர்க்கும். காற்றுக்குழாய் சுருங்கும், வீங்கும், சளி சுரக்கும். தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை டிடிஐக்கு எட்டு மணி நேர சராசரி வரம்பாக 0.005 பிபிஎம் என்று வகுத்தது. அதாவது, நூறு கோடிப் பங்கு காற்றில் ஐந்து பங்கு. இன்னும் பழகாத உடம்பைப் பழகாமல் காப்பதற்கு அந்த எண் உதவும். ஏற்கெனவே பழகிவிட்ட உடம்புக்கு அது பாதுகாப்பான எண் அல்ல. வரம்புக்குள் இருந்தும் ஒருவருக்கு மட்டும் மூச்சு முட்டுவதற்கான காரணம் இதுதான்.

மூக்கை நம்பவும் வழியில்லை. டிடிஐ வாடை மூக்குக்குத் தெரியும் அளவு, இந்த வரம்பைவிடப் பல மடங்கு அதிகம். ‘வாசனையே வரல’ என்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி ஆகாது.

வேலை செய்பவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஆகும்? பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 5 முதல் 10 சதவீதம். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்போ, வாகனங்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்ற தொழிலாளர்களைவிட 80 மடங்கு அதிகம் என்கிறது.

போபால் நினைவிருக்கிறதா?

1984 டிசம்பரில் போபாலைக் கொன்ற மீத்தைல் ஐசோசயனேட்டும் இதே குடும்பம்தான். அங்கே நடந்தது பெருமளவு முதல் வழி. தப்பிப் பிழைத்தவர்களின் ரத்தத்தில் அந்த ரசாயனத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பின்னர் ஆராய்ந்தார்கள். சிலரிடம் இருந்தது. ஆனால், குறைந்த அளவில்தான், அதுவும் நீடிக்கவில்லை. அவர்களின் நுரையீரலைக் காலத்துக்கும் கெடுத்தது வாயு சுட்ட தழும்புதான்.

ஒரே குடும்பத்து ரசாயனம், ஒரே ராத்திரியில் பேரளவில் வந்தால் சுட்டுப் பொசுக்குகிறது. துளித்துளியாக வருடக்கணக்கில் வந்தால் உடம்பையே அதற்கு எதிராகப் பழக்கிவிடுகிறது. முதலாவது தலைப்புச் செய்தி ஆகும். இரண்டாவது ஒரு தனி மனிதரின் மெடிக்கல் பில்லோடு நின்றுவிடும்.

மூன்றாவது வழி: முடியாத சண்டை

கும்மிடிப்பூண்டி போன்ற எஃகு வளாகங்களில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இண்டக்‌ஷன் ஃபர்னஸின் உள்பக்கம் ‘ராமிங் மாஸ்’ என்ற பொடியால் பூசி இறுக்கப்படும். பல உலைகளில் அந்தப் பொடி பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா. லைனிங் தேய்ந்ததும் பழையதை உடைத்தெடுத்துப் புதியதைக் கொட்டி இறுக்க வேண்டும். உலர்ந்த பொடி. உருகிய இரும்பு இருக்கும் இடத்தில் ஈரம் ஆபத்து என்பதால், கல் குவாரியில் செய்வதுபோலத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கவும் முடியாது.

இதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். அங்கே துப்புரவு வேலை பார்ப்பவை மேக்ரோஃபேஜ் செல்கள். அழுக்கு, கிருமி எதுவாக இருந்தாலும் விழுங்கிச் செரித்துவிடும். சிலிக்காவை விழுங்கலாம், செரிக்க முடியாது. துகள் செல்லின் உள்ளே இருக்கும் செரிமானப் பையைக் கிழிக்கும். செல் அபாயச் சங்கு ஊதும், அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களைக் கொட்டும், கடைசியில் செத்துப்போகும். துகள் வெளியே வரும். அடுத்த மேக்ரோஃபேஜ் அதை விழுங்கும். மறுபடியும் அதே கதை. ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் தழும்பு.

இதுதான் சிலிக்கோசிஸ். வேலையை விட்ட பிறகும் துகள் உள்ளேயே இருப்பதால் சண்டை தொடரும். குணப்படுத்தும் மருந்து கிடையாது. காசநோய்க் கிருமியைப் பிடிக்க வேண்டிய செல்களும் இதே மேக்ரோஃபேஜ்கள்தான் என்பதால், இவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. எக்ஸ்-ரே பார்த்துக் காசநோய் என்று மட்டும் மாத்திரை கொடுத்து, அடியில் இருக்கும் சிலிக்கோசிஸைத் தவறவிடுவதும் நடக்கிறது.

ஆக, முதல் வழியில் அளவு தீர்மானிக்கிறது. இரண்டாவதில் நினைவு தீர்மானிக்கிறது. மூன்றாவதில் உள்ளே தங்கிவிட்ட துகள் தீர்மானிக்கிறது. கடைசி இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. நோய் வெளியில் தெரியும்போது, உடம்பு ஏற்கெனவே வெகுதூரம் போயிருக்கும்.

டாக்டருக்கே ஏன் தெரிவதில்லை?

முதல் காரணம், நேரம். பழகிவிட்ட உடம்பு சில சமயம் உடனே எதிர்க்கும். பல சமயம் நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்துத்தான் எதிர்க்கும். பகல் ஷிஃப்ட் முடித்து, பஸ் பிடித்து, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்த பிறகு இழுப்பு வந்தால் ஆலைமேல் யாருக்கு சந்தேகம் வரும்? ‘தலையணைத் தூசு’, ‘பனிக்காத்து’, ‘கொசுவத்திப் புகை’ என்று காரணம் வீட்டுக்குள்ளேயே தேடப்படும்.

இரண்டாவது, ரத்தப் பரிசோதனை. ஒவ்வாமை என்றாலே ஐஜிஇ டெஸ்ட்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஐசோசயனேட் ஆஸ்துமா உள்ளவர்களில் சிறு பகுதியினருக்குத்தான் அந்த ரசாயனத்துக்கான ஐஜிஇ ரத்தத்தில் தெரியும். மற்றவர்களுக்கு டி செல் வழியாகவே வேலை நடக்கிறது. ரிப்போர்ட் நெகட்டிவ் என்பதால் நோய் இல்லை என்று ஆகாது.

மூன்றாவது, கேட்கப்படாத கேள்வி. நோயாளியிடம் ‘என்ன தொழில் செய்கிறாய்?’ என்று மருத்துவர் கட்டாயம் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700-ல் புத்தகமே எழுதினார். மூன்று நூற்றாண்டு கழிந்தும், கூட்டம் நிரம்பிய ஓபியில் அந்தக் கேள்விக்கு நேரம் இருப்பதில்லை. கேட்டாலும் ‘கம்பெனியில வேலை’ என்ற பதிலோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கம்பெனியில் கை எதைத் தொடுகிறது, மூக்கு எதைச் சுவாசிக்கிறது என்பதுதான் உண்மையான பதில்.

இத்தனைக்கும் கண்டுபிடிக்கும் முதல் கருவி விலை உயர்ந்தது அல்ல. பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறிய குழாய், ஆயிரம் ரூபாய்க்குள் மருந்துக்கடையிலேயே கிடைக்கும். ஒரு நாளைக்கு நான்கு முறை ஊதி, எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். வேலை நாள், லீவு நாள் இரண்டும் சேர்ந்து மூன்று, நான்கு வாரம். வேலை நாட்களில் எண் இறங்கி, ஊருக்குப் போன லீவில் ஏறினால், அந்த வரைபடமே பாதி டயக்னோசிஸ். இதை வைத்துக்கொண்டு நுரையீரல் மருத்துவர் அடுத்த பரிசோதனைகளை முடிவு செய்வார்.

காலண்டர் இன்னொரு விஷயத்தையும் சொல்லும். துத்தநாகம் பூசிய இரும்பை வெல்டிங் செய்பவர்களுக்கு, விடுமுறைக்குப் பிந்தைய முதல் நாளில் காய்ச்சல், உடம்பு வலி வந்து ஓரிரு நாளில் சரியாகிவிடும். வாரம் முழுக்க உடம்பு சமாளித்துக்கொள்ளும், அடுத்த திங்கட்கிழமை மீண்டும் வரும். இது உலோகப் புகைக் காய்ச்சல். பணியிட ஆஸ்துமா இதற்கு நேர் எதிர். வாரம் போகப்போக மோசமாகும், லீவில் குறையும். நோய் முற்றினால் லீவிலும் குறையாது.

நாட்கள்தான் மருந்து

இந்த நோயில் இன்ஹேலர் உதவும், ஆனால் அது பாதி சிகிச்சைகூட இல்லை. முக்கியமான சிகிச்சை, அந்த ரசாயனத்தில் இருந்து முழுமையாக விலகுவது. அப்படி விலகியவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் அறிகுறிகள் முழுமையாக மறைகின்றன என்கின்றன ஆய்வுகளின் தொகுப்பு முடிவுகள். அறிகுறி தொடங்கியதில் இருந்து விலகும் வரையான காலம் எவ்வளவு குறைவோ, தேறும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். இன்ஹேலரை அடித்துக்கொண்டு அதே பூத்தில் வேலையைத் தொடர்வது, காயத்துக்குக் கட்டுப்போட்டுக்கொண்டே அதே இடத்தில் வெட்டிக்கொள்வது மாதிரி.

மாஸ்க்? துணி மாஸ்க்கும் சர்ஜிகல் மாஸ்க்கும் இங்கே எதற்கும் உதவாது. கொரோனா காலத்தில் பழகிய என்-95 தூசியைப் பிடிக்கும், ரசாயன ஆவியைப் பிடிக்காது. ஸ்ப்ரே பெயின்டிங்குக்கு வெளியில் இருந்து சுத்தமான காற்று குழாய் வழியாக வரும் முகக்கவசம் தேவை. அதற்கும் முன்பாக, பூத்தின் காற்றோட்டம் சரியாக இருக்க வேண்டும். உலை லைனிங் வேலைக்குத் தூசி கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சும் குழாய் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு தனி அத்தியாயமே சேர்க்கப்பட்டது. ஆபத்தான பொருட்களைக் கையாளும் தொழிலாளியை வேலையில் அமர்த்தும் முன்பும், வேலையில் இருக்கும்போது 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியிலும், வேலையை விட்ட பிறகும் பரிசோதிக்க வேண்டும் என்றது அது. தொழிலாளி தன் மருத்துவப் பதிவைப் பார்க்கவும் வழி செய்தது. மருத்துவர்கள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய 29 நோய்கள் கொண்ட அட்டவணையில் சிலிக்கோசிஸும் இருக்கிறது, ‘ஐசோசயனேட் நச்சு’ம் இருக்கிறது.

ஆனால், ‘பணியிட ஆஸ்துமா’ என்ற நோய் அந்த அட்டவணையில் இல்லை. இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் இஎஸ்ஐ சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. அதாவது, இழப்பீடு கேட்கலாம். ஆனால், ஐசோசயனேட் அல்லாத வேறு ரசாயனத்தால், உதாரணமாக எபாக்ஸி ஹார்டனராலோ குரோமியத்தாலோ ஆஸ்துமா வந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் மருத்துவருக்கு இல்லை. தெரிவிக்கப்படாத நோய் கணக்கில் வராது. கணக்கில் வராத நோய்க்கு ஆய்வாளரும் வர மாட்டார்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கும், ஆபத்தான தொழில்களில் இருப்போருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை என்பது அதில் வரவேற்க வேண்டிய அம்சம். ஆனால், ரசாயன ஆஸ்துமா 40 வயதுக்காகக் காத்திருப்பதில்லை. வேலையில் சேர்ந்த முதல் சில ஆண்டுகளிலேயே அது பிடித்துவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை என்ற இடைவெளியும் அதற்கு நீளம். இன்னொன்று, மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தாலே ‘தொழிற்சாலை’ என்று இருந்த வரையறை இப்போது 20 பேராக உயர்ந்திருக்கிறது. டூ-பேக் பெயின்ட் அடிக்கும் சிறிய பட்டறைகளில் எத்தனை இடங்களில் 20 பேர் இருப்பார்கள்?

சொன்னால் வேலை போகும் என்ற பயம்

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை சட்டப் புத்தகத்தில் இல்லை. ‘மூச்சு வாங்குதுன்னு சொன்னா, நாளையிலேர்ந்து வரவேணாம்பாங்க’ என்ற பயத்தில் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது வெறும் பயம் அல்ல, நடைமுறை. வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், ஓவர்டைம் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விடும். அதனால் அவர் சொல்வதில்லை. மெடிக்கல் ஷாப்பில் இன்ஹேலர் வாங்கிக்கொண்டு சமாளிக்கிறார். தேறக்கூடிய அந்த முக்கியமான மாதங்கள் அப்படியே கரைகின்றன. கடைசியில் முடியாமல் போகும்போது அவராகவே நின்றுவிடுவார். ஆலையின் பதிவேட்டில் அது ‘ராஜினாமா’. நோய் எண்ணிக்கை பூஜ்ஜியம்.

ஆரோக்கியமானவர்கள் மட்டும் மிஞ்சிய ஆலையைப் பார்த்து, ‘எங்க ஆளுங்க யாருக்கும் ஒண்ணும் இல்லையே’ என்று நிர்வாகம் நம்பவும் செய்யும்.

மாற்ற முடியும் என்பதற்கு முன்மாதிரி இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1983-ல் ஐசோசயனேட் பயன்படுத்தும் ஆலைகளுக்கு ஒரு விதி கொண்டுவந்தது. வேலையில் சேரும் முன்பும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் தொழிலாளியிடம் மூச்சு தொடர்பான கேள்விப் பட்டியலை நிரப்பி வாங்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை, சில கேள்விகள்தான். முதல் சில ஆண்டுகளில் ஆஸ்துமா இழப்பீட்டுக் கோரிக்கைகள் ஏறின, ஏனென்றால் மறைந்திருந்தவை வெளியே வந்தன. 1990-களில் எண்ணிக்கை இறங்கியது. கண்டுபிடிக்கப்பட்டவர்களும் முன்பைவிட சீக்கிரமே கண்டுபிடிக்கப்பட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியமோ, 2023 ஆகஸ்ட் முதல் பயிற்சி பெறாத யாரும் ஐசோசயனேட்டைத் தொழில்ரீதியாகக் கையாளக் கூடாது என்று தடுத்துவிட்டது.

தமிழ்நாட்டில் என்ன செய்யலாம்?

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், ஐசோசயனேட், எபாக்ஸி, சிலிக்கா போன்றவற்றைக் கையாளும் இடங்களுக்கு ஆறு மாதக் கேள்விப் பட்டியலைக் கட்டாயமாக்கலாம். தமிழ், இந்தி, ஒடியா என்று தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் அது இருக்க வேண்டும். ஆள் எண்ணிக்கையைப் பார்க்காமல், பொருளைப் பார்த்து விதி பாய வேண்டும். பத்து பேர் பட்டறையிலும் ஹார்டனர் அதே ஹார்டனர்தான்.

தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் பணியிட ஆஸ்துமா முழுமையாகச் சேர்க்கப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி கம்பெனி மாறினாலும் அவருடைய மருத்துவப் பதிவு அவரோடு போக வேண்டும். கும்மிடிப்பூண்டியில் தொடங்கிய ஆஸ்துமா ஒடிசாவில் வெளிப்பட்டால், காரணம் எங்கே என்று அப்போதுதான் தெரியும்.

இவை எல்லாவற்றுக்கும் உயிர் கொடுப்பது ஒரே ஒரு உத்தரவாதம்தான். நோயைச் சொன்னவருக்கு ரசாயனம் இல்லாத மாற்று வேலை, சம்பளம் குறையாமல். அது இல்லாதவரை எந்தக் கேள்விப் பட்டியலிலும் எல்லாப் பதில்களும் ‘இல்லை, இல்லை, இல்லை’ என்றுதான் வரும். இந்த உத்தரவாதம் தொழிலாளிக்குச் செய்யும் தயவு அல்ல. நோயை வெளியே கொண்டுவர இருக்கும் ஒரே வழி.

தொழிலாளர் தரப்பில் செய்யக்கூடியதும் உண்டு. மூச்சுத் தொல்லை வேலை நாளில் கூடி லீவில் குறைகிறது என்றால், டாக்டரிடம் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டப்பாவின் லேபிளை போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. ஐசோசயனேட் என்ற சொல் அதில் இருந்தால் மருத்துவரின் பார்வையே மாறும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இஎஸ்ஐ வரம்புக்குள் வருகிறார்கள். சென்னை கே.கே. நகர் இஎஸ்ஐ மருத்துவமனையில் தொழில்சார் நோய்களுக்கான மையம் இருக்கிறது. அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ‘மூச்சுத் திணறல்’ என்று மட்டும் எழுதிய சீட்டுக்கும், ‘பெயின்ட் பூத்தில் இரண்டு வருடம், லீவில் குறைகிறது’ என்று எழுதிய சீட்டுக்கும் உள்ள வித்தியாசம், பிற்காலத்தில் இழப்பீட்டு வழக்கின் வித்தியாசமாகவும் மாறலாம்.

நோய் எதிர்ப்பு மண்டலத்தின் நினைவாற்றல்தான் தடுப்பூசி வேலை செய்வதற்கான அடிப்படை. அதே நினைவாற்றல் தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டால் அழிக்க மருந்து இல்லை. கற்றுக்கொள்ளாமல் தடுக்கலாம், கற்றுக்கொண்டதை முதல் சில மாதங்களுக்குள் கண்டுபிடித்து விலக்கலாம். இரண்டும் ஆலை வாசலுக்குள் செய்ய வேண்டிய வேலைகள். அங்கே செய்யாமல் விட்டதற்கான விலையை, மருத்துவமனை வரிசையில் அந்தத் தொழிலாளியின் குடும்பம் கட்டிக்கொண்டிருக்கிறது.